குளத்து மீனை எண்ண எத்தனை மீன் பிடிக்கணும்?

குளத்தில் மொத்தம் எவ்வளவு மீன் இருக்கிறது என்று பார்க்க, கொஞ்சம் மீனைப் பிடித்து, துடுப்பு நுனியைக் கத்தரித்து அடையாளமிட்டு விட்டுவிடுவார்கள். சில நாள் கழித்து மறுபடி வலை போடுவார்கள். முதல் பிடியையும் இரண்டாம் பிடியையும் பெருக்கி, இரண்டாம் பிடியில் திரும்பி வந்த அடையாள மீன்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மொத்தக் கணக்கு. பீட்டர்சன் முறை என்று பெயர்.

எல்லாரும் கோட்டைவிடுவது அந்தக் கடைசி எண்ணில்தான். சுமார் 2000 கெண்டை உள்ள குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீனுக்கு அடையாளமிட்டு, அப்புறம் 100 பிடித்தால், சராசரியாக 5 திரும்பும். 4 வந்தால் விடை 2500. 6 வந்தால் 1667. அந்த 100-ல் அடையாள மீன் ஒன்றே ஒன்று குறைந்தால் கணக்கில் 500 கூடிவிடுகிறது! இதையே 200, 200 என்று செய்தால் 20 திரும்பும். ஒன்று குறைந்து 19 வந்தாலும் 2105தான். வேலை இரண்டு மடங்கு, திரும்பும் மீன் நான்கு மடங்கு. லாபமான பேரம்.

அதனால் திட்டமிடும்போதே 20-க்கு மேல் திரும்புகிற மாதிரி கணக்குப் போடுங்கள். 7-க்கும் குறைவாக வந்தால் அந்த விடையை நம்பாமல் இன்னொரு முறை வலை போடுவது நல்லது.

இன்னொன்று: மடைப்பக்கம் ஒரே இடத்தில் 200 பிடிப்பதில் பிரயோஜனமில்லை. கரையோரம், நடு ஆழம், பாசி மண்டிய மூலை என்று பிரித்துப் பிடியுங்கள். இரண்டு முறையும் அதே கண்ணி அளவுள்ள வலை.