முன்னேறு, விரைவுபடுத்து: ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல்லை எங்கே எழுதுவது?

விண்ணப்பம் கிடப்பில் கிடக்கிறது. சீக்கிரம் முடித்துத் தரும்படி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். ஹர்ரி, ஸ்பீட் அப், ஆக்சிலரேட், அட்வான்ஸ், ப்ரொசீட், எக்ஸ்பிடைட் என்று சொற்கள் வரிசைகட்டி வருகின்றன. அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் 'முன்னேறு', 'விரைவுபடுத்து' என்றே பொருள் போட்டிருக்கும். அதை மட்டும் நம்பி எழுதும்போதுதான் வாக்கியம் தடுக்கி விழுகிறது. பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

படி 1: தன்வினையா, பிறவினையா என்று பாருங்கள்

முன்னேறு, முன்னேற்று, நகர், நகர்த்து, திரும்பு, திருப்பு. தானே செய்வதையும் பிறிதொன்றைச் செய்ய வைப்பதையும் தமிழில் சொல்லின் வடிவமே காட்டிவிடும். ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு இரண்டிற்கும் ஒரே வடிவம்தான். அதனால் வினையைப் பார்த்து 'எதை?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதல் சோதனை.

'ப்ரொசீட்' என்பதற்கு அந்த இடம் இல்லை. 'ஐ ப்ரொசீடட் த ஒர்க்' என்பது தவறு. 'ஐ ப்ரொசீடட் வித் த ஒர்க்' என்று இடையில் 'வித்' வர வேண்டும். ஓர் இடத்துக்குச் செல்வதானால் 'டு' வரும்: 'ப்ளீஸ் ப்ரொசீட் டு கேட் ஃபோர்'. 'ப்ராக்ரஸ்' என்பதையும் தொடக்கத்தில் தன்வினையாகவே எழுதிப் பழகுங்கள். அதைப் பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது முதல் அசையையும், வினைச்சொல்லாகச் சொல்லும்போது இரண்டாம் அசையையும் அழுத்த வேண்டும்.

'எக்ஸ்பிடைட்' இதற்கு நேர் எதிர். 'எதை' என்பது இல்லாமல் அது நிற்காது. 'ப்ளீஸ் எக்ஸ்பிடைட்' என்று மொட்டையாக முடிக்காமல், 'ப்ளீஸ் எக்ஸ்பிடைட் மை அப்ளிகேஷன்' என்று எழுதுங்கள். இந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குள் 'கால்' இருக்கிறது. கட்டுண்ட காலை விடுவிப்பது என்பதே பழைய பொருள். தடைசெய்வதைக் குறிக்கும் 'இம்பீட்' என்ற சொல்லும் அதே காலிலிருந்து பிறந்ததுதான். எங்கோ சிக்கிக் கிடக்கும் கோப்பு, விண்ணப்பம், சரக்கு ஆகியவற்றுக்கு 'எக்ஸ்பிடைட்' இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதற்கு இதுதான் காரணம். ஓடுகிற ஆளுக்கோ வண்டிக்கோ அது ஒட்டாது.

ஆக்சிலரேட், அட்வான்ஸ், ஹர்ரி ஆகியவை இரண்டு வகையாகவும் வரும். 'த கார் ஆக்சிலரேட்டட்' என்றால் கார் வேகமெடுத்தது. 'த நியூ மெஷின் ஆக்சிலரேட்டட் த ஒர்க்' என்றால் புதிய இயந்திரம் வேலையை விரைவுபடுத்தியது.

படி 2: திசையா, வேகமா?

ப்ரொசீட், ப்ராக்ரஸ், அட்வான்ஸ் மூன்றும் முன்னோக்கிப் போவதை மட்டுமே சொல்கின்றன. வேகத்தைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. 'த ஒர்க் இஸ் ப்ராக்ரஸிங் ஸ்லோலி' என்பது முழுக்கச் சரியான வாக்கியம். 'ஆக்சிலரேட்' என்றால் வேகம் கூட வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும் ரயில் எவ்வளவு விரைவாகப் போனாலும் அது 'ஆக்சிலரேட்' ஆகவில்லை. 40இலிருந்து 60க்கு ஏறும்போதுதான் அந்தச் சொல்லுக்கு வேலை.

படி 3: 'ஃபாஸ்ட்' என்ற சொல்லிடம் எச்சரிக்கை

தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. 'ஃபாஸ்ட்' என்பது வேகத்தைக் குறிக்கும் பெயரடை, வினையடை. அதையே வினைச்சொல்லாக்கினால் 'உண்ணாமல் இரு' என்று பொருளாகிவிடும். சரி, 'ஷார்ட்' என்பது 'ஷார்ட்டன்' ஆவதுபோல, 'வைட்' என்பது 'வைடன்' ஆவதுபோல, 'ஃபாஸ்ட்' என்பதோடும் ஓர் 'அன்' சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்த்தால் கிடைப்பது 'ஃபாஸன்'; அதற்குப் பொருள் 'இறுக்கிக் கட்டு'. விமானத்தில் இருக்கைப் பட்டையை மாட்டச் சொல்வது அந்தச் சொல்லால்தான். 'ஃபாஸ்ட்' என்பதற்கு 'உறுதியான' என்ற பழைய பொருளும் உண்டு. இது அதிலிருந்து வந்தது. விரைவுபடுத்த வேண்டுமானால் 'ஸ்பீட் அப்', 'குவிக்கன்', 'ஹேஸன்' ஆகியவற்றை நாடுங்கள். ஹேஸன், ஃபாஸன் இரண்டின் எழுத்துக்கூட்டலிலும் 'டி' உண்டு, உச்சரிப்பில் வராது.

படி 4: தேதியை முன்தள்ளும்போது

புதன்கிழமைக் கூட்டத்தை 'மூவ்ட் ஃபார்வர்ட் பை டூ டேஸ்' என்று எழுதினால் சிலர் திங்கள் என்றும் சிலர் வெள்ளி என்றும் புரிந்துகொள்வார்கள். இரண்டு தரப்பையும் குறை சொல்ல முடியாது. அந்தத் தொடருக்கு இரண்டு பக்கமும் வாசல் இருக்கிறது. 'ப்ரீபோன்' (குறித்த தேதிக்கு முன்பே வைப்பது) என்பது இந்திய ஆங்கிலத்தில் தெளிவான, நல்ல சொல். வெளிநாட்டவருக்கு எழுதும்போது, பிரிட்டனில் வழங்கும் 'ப்ராட் ஃபார்வர்ட்', அமெரிக்காவில் வழங்கும் 'மூவ்ட் அப்' ஆகியவை பாதுகாப்பானவை. எதை எழுதினாலும் கூடவே புதிய கிழமையையும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

படி 5: தொனியைச் சரிபாருங்கள்

'ஹர்ரி அப்' என்பது நெருக்கமானவர்களிடம் சொல்வது. அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் அது அதட்டலாக ஒலிக்கும். 'ரஷ்' என்பதில் அவசரத்தோடு கவனக்குறைவின் சாயலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ப்ரெசிபிடேட்' பெரும்பாலும் கெட்டதைச் சீக்கிரம் வரவழைப்பது: நெருக்கடி, சண்டை, வீழ்ச்சி. வளர்ச்சிக்கு அதைப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து, உருவத்தில் நெருங்கி நின்று பொருளில் விலகும் சில தொடர்கள். 'கோ அஹெட்' என்றால் தொடங்கலாம் என்ற அனுமதி. 'கெட் அஹெட்' என்றால் மற்றவர்களைவிட முன்னுக்கு வருவது. 'ஓவர்டேக்' என்பது முந்திச் செல்வது. 'டேக் ஓவர்' என்பது பொறுப்பையோ நிறுவனத்தையோ கைக்கொள்வது.

பயிற்சி

மூன்று வாக்கியங்களை நீங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். 'அடுத்த பாடத்துக்குச் செல்லலாம்.' 'தேர்வு ஒரு நாள் முன்னதாகவே, திங்கட்கிழமையே நடக்கும்.' 'ஓய்வு அவர் குணமடைவதை விரைவுபடுத்தியது.'

முதலாவதற்கு 'லெட் அஸ் ப்ரொசீட் டு த நெக்ஸ்ட் லெசன்'. 'மூவ் ஆன் டு' என்று எழுதியிருந்தாலும் சரியே. இரண்டாவதற்கு 'த எக்ஸாம் ஹாஸ் பீன் ப்ராட் ஃபார்வர்ட் டு மண்டே'. மூன்றாவதில் 'ஹேஸன்ட் ஹிஸ் ரிகவரி', 'ஸ்பீடட் அப் ஹிஸ் ரிகவரி' இரண்டும் பொருந்தும். 'எக்ஸ்பிடைட்' எழுதியிருந்தாலும் தவறில்லை; ஆனால் படி 1இல் பார்த்ததுபோல, எங்கோ சிக்கிக் கிடப்பவற்றுக்குத்தான் அது இன்னும் கச்சிதமாகப் பொருந்தும்.