எரிகிற வீட்டில் பிடுங்குகிறவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

நாட்டில் பண நெருக்கடி வந்துவிட்டால் அரசியல்வாதிகள் எல்லோருக்கும் திடீரென்று பொருளாதாரம் தெரிந்துவிடுகிறது. ஆளுங்கட்சி "முந்தைய ஆட்சி செய்த கோளாறு" என்கிறது, எதிர்க்கட்சி "நாங்கள் அன்றைக்கே சொன்னோம்" என்கிறது, நம்முடைய வேலையும் சேமிப்பும் என்ன ஆகும் என்று கேட்டால் இரண்டு பக்கமும் தேர்தல் தேதியைப் பார்க்கிறது. கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தையும் ஏதாவது ஒரு கட்சி அள்ளிக்கொண்டு போய்விடுகிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் யார் உண்மையிலேயே எதிர்க்கிறார், யார் நெருக்கடியை வைத்துக் கட்சி வேலை பார்க்கிறார் என்று பிரித்துப் பார்ப்பது எப்படி, பார்த்தபிறகு என்ன செய்வது என்பதைச் சொல்கிறேன். பெரும்பாலும் அமெரிக்காவின் 2008 நெருக்கடியை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். அங்கே யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது உட்பட எல்லாமே பதிவில் இருக்கிறது.

முதல் வேலை: தேதிகளை எழுதுங்கள்

பேச்சைக் கேட்பதற்கு முன்னால் ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். எந்த முடிவு எப்போது எடுக்கப்பட்டது, பிரச்சினை எப்போது வெடித்தது, அந்த இரண்டு நேரத்திலும் யார் பதவியில் இருந்தார். வெடிக்கும்போது நாற்காலியில் இருப்பவர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, "முந்தையவர்தான்" என்ற பதிலும் எப்போதும் பொய் கிடையாது. கிரேக்கத்தில் 2009 அக்டோபரில் புது அரசு வந்தபிறகுதான் அரசின் வரவு செலவுப் பற்றாக்குறைக் கணக்கே தப்பு என்று வெளியே வந்தது, கடைசியில் பார்த்தால் முன்பு சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இலங்கையில் நடந்தது வேறு. 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்ததும், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்ததும் ஒரே ஜனாதிபதியின் ஆட்சியில். நடுவில் கொரோனா வந்தது, சுற்றுலா படுத்தது, அதெல்லாம் உண்மைதான், ஆனால் தாளில் அந்த வரிக்குறைப்பு அதற்கெல்லாம் முன்னால் நிற்கிறது.

இந்தத் தாளை நீங்கள் ஓட்டுப் போட்ட கட்சிக்கும் சேர்த்து எழுத வேண்டும். இல்லையென்றால் எழுதவே வேண்டாம்.

பேச்சை விடுங்கள், ஓட்டைப் பாருங்கள்

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால் மனு போட்டது. மறுநாள் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் அறிவித்தது. அந்த வாரக் கடைசியில் நிதியமைச்சர் ஹென்றி பால்சன் மூன்றே பக்கத்தில் ஒரு திட்டம் நீட்டினார்: வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் கொடுங்கள், அதை நான் எப்படிச் செலவழிக்கிறேன் என்று நீதிமன்றம்கூடக் கேட்கக் கூடாது. மூன்று பக்கம்! அப்போது ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது.

செப்டம்பர் 24 அன்று குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், பிரசாரத்தை நிறுத்திவிட்டு வாஷிங்டன் போகிறேன், வேட்பாளர் விவாதத்தைத் தள்ளிவையுங்கள் என்றார். மறுநாள் ஜனாதிபதி புஷ், மெக்கெய்ன், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒபாமா எல்லோரும் உட்கார்ந்த வெள்ளை மாளிகைக் கூட்டம் சண்டையில் முடிந்தது. அதற்கு மறுநாள் விவாதம் குறித்தபடியே நடந்தது, மெக்கெய்னும் வந்து கலந்துகொண்டார். நாட்டுக்காக எல்லாவற்றையும் நிறுத்துகிறேன் என்று ஒருவர் சொன்னால், எதை நிறுத்தினார், எத்தனை நாள், அதனால் ஒரு ஓட்டாவது மாறியதா என்று பாருங்கள், போதும்.

செப்டம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் அந்தத் திட்டத்துக்கான மசோதா 205க்கு 228 என்று தோற்றது. குடியரசுக் கட்சியில் 133 பேர் எதிர்ப்பு, ஜனநாயகக் கட்சியில் 95 பேர் எதிர்ப்பு. அன்று பங்குச்சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு 777 புள்ளி விழுந்தது. தோற்றதற்கு என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? ஓட்டெடுப்புக்கு முன்னால் சபாநாயகர் நான்சி பெலோசி புஷ் ஆட்சியைத் தாக்கிப் பேசிய பேச்சு எங்கள் ஆட்களின் மனதை மாற்றிவிட்டது என்று குடியரசுக் கட்சித் தலைவர்கள் சொன்னார்கள். எதிர்க்கட்சி ஓட்டுத் தேவைப்படுகிற நேரத்தில் அப்படிப் பேசியது பெலோசியின் அரசியல், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பேச்சு பிடிக்கவில்லை என்று 70,000 கோடி டாலர் விஷயத்தில் ஓட்டை மாற்றினார்கள் என்றால், அது பொய்யாக இருப்பதே நல்லது, உண்மையாக இருந்தால் இன்னும் கேவலம்.

நாலு நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, அதே சபையில் 263க்கு 171 என்று நிறைவேறியது. ஐம்பது பேருக்கும் மேல் நிலை மாறியிருந்தார்கள். நடுவில் சந்தையும் பயமுறுத்தியது, மசோதாவும் 450 பக்கம் தாண்டி வீங்கியிருந்தது. சேமிப்புக் காப்பீட்டு வரம்பை உயர்த்தியது மாதிரி உருப்படியான விஷயமும் அதில் உண்டு, குழந்தைகள் விளையாடும் மர அம்புக்கு வரிவிலக்கும் உண்டு. ஆமாம், மர அம்பு.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் உறுப்பினரின் பெயருக்கு நேராக முதல் ஓட்டு, இரண்டாவது ஓட்டு, மாற்றியதற்குச் சொன்ன காரணம் என்று மூன்றே விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிப் பதிவாகாத குரல் ஓட்டில் நிறைவேற்றினார்கள் என்றால் அதையே முதல் கேள்வியாக வையுங்கள். அப்புறம் மசோதாவின் கடைசிப் பதிப்பைத் திறந்து, நெருக்கடிக்குச் சம்பந்தமே இல்லாத பிரிவுகளைத் தேடுங்கள். அவசரம் என்று சொல்லிக் கொண்டுவரும் மசோதாவில்தான் இந்த மாதிரி சரக்கு ஏறும், ஏனென்றால் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

எதிர்த்தவர் எல்லோரும் வேஷக்காரர் இல்லை

இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வங்கிகளைக் காப்பாற்ற மக்கள் பணம் போகக் கூடாது என்று மனதார நம்பி எதிர்த்தவர்களும் இருந்தார்கள், மனமில்லாமல் ஆதரித்தவர்களும் இருந்தார்கள். பிரித்துப் பார்க்க ஒரே வழி, அதே ஆள் தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போது அதே விஷயத்தில் என்ன செய்தார் என்று பார்ப்பது. அரசு எவ்வளவு வரை கடன் வாங்கலாம் என்று சொல்கிற அமெரிக்கக் கடன் உச்சவரம்பு இதற்கு நல்ல சோதனை. அந்த வரம்பை உயர்த்துவது புதுச் செலவுக்கு அனுமதி இல்லை, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்குப் பணம் கட்டுவதற்குத்தான். 2006ல் புஷ் ஆட்சியில் செனட்டர் ஒபாமா அதை எதிர்த்து ஓட்டுப் போட்டார். 2011ல் தானே ஜனாதிபதியாக இருந்து, எதிர்த்தரப்பு கழுத்தைப் பிடித்தபோது, அன்றைக்குப் போட்டது அரசியல் ஓட்டு என்று ஒப்புக்கொண்டார். அந்த 2011 இழுபறி முடிந்த கையோடு, ஆகஸ்ட் 5 அன்று, கடன் தரத்தை மதிப்பிடுகிற எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தை ஒரு படி இறக்கியது. இரண்டு கட்சியும் இரண்டு வேஷமும் போட்டுப் பார்த்த நாடகம் அது.

"எல்லாரும் திருடங்கதான்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். திருடனுக்கு அதைவிடப் பிடித்த வாக்கியம் வேறு இல்லை, யாரென்று தனியாகக் காட்ட வேண்டிய வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

பெரிய தொகையைப் பகிர்வதற்கு முன்

அது கடனா, உத்தரவாதமா, பங்கு வாங்கியதா, திரும்பி வராத செலவா என்று கேளுங்கள். அந்த 70,000 கோடி டாலர் என்பது அனுமதிதான். உண்மையில் வெளியே போனது சுமார் 44,300 கோடி, அதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அதனால் திட்டம் நியாயமாகிவிடாது, வீடு இழந்தவர்களைவிட வங்கிகளுக்குத்தான் உதவி வேகமாகப் போனது என்ற கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் "70,000 கோடியை அள்ளிக் கொடுத்தார்கள்" என்று எழுதினால், பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணக்குப் பிழையைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவார்.

அதே மாதிரி, நம் கோபத்துக்கென்றே செய்த சட்டங்களையும் கவனியுங்கள். 2009 மார்ச்சில் ஏஐஜி தன் ஆட்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது தெரிந்து ஊரே கொதித்தபோது, சில நாட்களிலேயே பிரதிநிதிகள் சபை 90 சதவீத வரி போடும் மசோதாவை 328க்கு 93 என்று நிறைவேற்றியது. மேலவையான செனட் அதை நிறைவேற்றவே இல்லை. ஓட்டுப் போட்ட அத்தனை பேருக்கும் செய்தி கிடைத்தது, சட்டம் கிடைக்கவில்லை. ஒரு மசோதா நிறைவேறியது என்று கேட்டால், எந்த அவையில், அடுத்தது எங்கே, எப்போது என்று கேளுங்கள்.

எழுதுவது எப்படி

ஓட்டெடுப்புக்கு முன்னால் எழுதுங்கள், முடிந்தபிறகு திட்டுவதில் யாருக்கும் பயன் இல்லை. 2008 செப்டம்பர் கடைசியில் மக்கள் அனுப்பிய மின்னஞ்சலில் பிரதிநிதிகள் சபையின் இணையதளமே திணறியது, உறுப்பினர்கள் நடுங்கியதும் உண்மை. ஆனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்கிற கடிதத்தை எந்தப் பக்கமும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இப்படி:

"வணக்கம். நான் உங்கள் தொகுதி வாக்காளர். அடுத்த வாரம் ஓட்டுக்கு வரும் மீட்பு மசோதாவில், அரசுப் பணம் வாங்கும் நிறுவனத்தின் மேலாளர்களுக்கு போனஸ் கூடாது என்ற திருத்தத்தை ஆதரிப்பீர்களா? இல்லை என்றால் ஏன்? உங்கள் பதிலை என் பகுதி மக்களிடம் பகிர்வேன்."

அவ்வளவுதான். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று எழுதாதீர்கள், எழுதினால் நம்மாள், வேற்றாள் என்று பிரித்து ஓரமாக வைத்துவிடுவார்கள். தொலைபேசி எடுக்கும் உதவியாளரிடம் கத்தாதீர்கள், பாவம், அவர் ஓட்டுப் போடுவதில்லை. பதில் வரவில்லையா, "இந்தத் தேதியில் கேட்டேன், பதில் இல்லை" என்பதையும் அப்படியே வெளியிடுங்கள்.

எல்லாம் ஓய்ந்தபிறகு

விசாரணைக் குழு போடுகிறோம் என்பார்கள். குழுவில் யாரை யார் நியமிக்கிறார் என்று முதல் நாளே கேளுங்கள். அமெரிக்காவில் 2008 நெருக்கடியை விசாரித்த பத்துப் பேர் குழுவில் ஆறு பேரை ஒரு கட்சியும் நாலு பேரை இன்னொரு கட்சியும் நியமித்தன. 2011 ஜனவரியில் வந்த அறிக்கையில் அந்த ஆறு பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறுப்பு. அதே 2008ல் வங்கிகள் கவிழ்ந்த ஐஸ்லாந்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி, மக்கள் குறைதீர்ப்பாளர், பொருளாதார அறிஞர் என்று மூன்று பேரை வைத்து நல்ல அறிக்கையே வாங்கினார்கள். ஆனால் யார்மேல் வழக்கு என்று முடிவு செய்யும் இடம் நாடாளுமன்றமாக இருந்ததால், நாலு அமைச்சர்களின் பெயர் ஓட்டுக்கு வந்து, முன்னாள் பிரதமர் கெய்ர் ஹார்டே ஒருவர் மட்டும் 33க்கு 30 என்று மாட்டினார். 2012ல் ஒரு குற்றச்சாட்டு மட்டும் நிரூபணமானது, தண்டனை எதுவும் இல்லை. ஆகவே அறிக்கை வந்தபின் வழக்கை முடிவு செய்வது யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொரு வழி நீதிமன்றம். இலங்கையில் குடிமக்கள் தரப்பு போட்ட அடிப்படை உரிமை மனுவில், 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதிகளையும் மத்திய வங்கி முன்னாள் ஆளுநர்களையும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு என்று பெயர் சொல்லித் தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்குக் கிடைத்தது வழக்குச் செலவு மட்டும்தான், ஆனால் பெயர்கள் தீர்ப்பில் ஏறிவிட்டன. உங்கள் நாட்டில் அப்படி மனுப் போட வழி இருந்தால் கால வரம்பு எவ்வளவு என்று இப்போதே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் அது மிகக் குறுகியது. முதலில் எழுதிய தேதித்தாளையும் கையோடு எடுத்துப் போங்கள், அவர் கேட்கப்போவதும் அதைத்தான்.