காபி பிரூவரில் குடுவை பாதிதான் நிரம்புகிறதா? டைமரைத் தொடாதீர்கள்

தண்ணீர்க் குழாயோடு நேரடியாக இணைத்த டிரிப் காபி பிரூவருக்கான விளக்கம் இது. எங்கள் மெஷினில் ஒரு வாரமாகக் குடுவை பாதிதான் நிரம்பியது. காரணத்தைக் கண்டுபிடித்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: தூள் போடாமல் வெறும் தண்ணீரை ஒருமுறை ஓட்டி அளந்து பாருங்கள். காபித்தூள் தன் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் காபியை அளந்தால் கணக்குத் தப்பும்.

இரண்டாம் படி, தண்ணீர் வரத்து. நான் சறுக்கியது இங்கேதான். டைமரில் ஓடும் மெஷினில் தண்ணீரை உள்ளே விடும் வால்வு குறிப்பிட்ட விநாடிகள் மட்டும் திறந்திருக்கும். அந்த நேரத்தில் டேங்கின் அடியில் நுழையும் பச்சைத்தண்ணீர், மேலே இருக்கும் வெந்நீரைத் தள்ளி வெளியேற்றும். உள்ளே வருவது குறைந்தால் குடுவைக்குப் போவதும் குறையும். இது புரியாமல் நான் டைமரின் நேரத்தைக் கூட்டினேன். அன்று சரியாக வந்தது. மறுநாள் காலை குழாயில் அழுத்தம் கூடியதும் குடுவை வழிந்து, கொதிக்கும் காபி தரையெல்லாம் ஓடியது. யாருக்கும் கையில் படாமல் போனது பெரிய நிம்மதி.

பிளக்கைக் கழற்றி, தண்ணீர் அடைப்பானை மூடுங்கள். மெஷினுக்குள் போகும் குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டு, அடைப்பானைத் திறந்து அரை நிமிடம் பிடியுங்கள். அப்புறம் தண்ணீர் ஃபில்டருக்கு முன்னால் இதையே செய்யுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஃபில்டர் அடைத்துவிட்டது என்று பொருள். எங்களுக்கு அதுதான். ஃபில்டர் நன்றாக இருந்தால் வால்வின் வாயில் உள்ள சின்ன வலையைப் பாருங்கள்.

அடுத்து ஸ்ப்ரே ஹெட், அதாவது தூளின் மேல் வெந்நீரைத் தெளிக்கும் துளைத் தட்டு. கழற்றி, சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரில் ஊறவிடுங்கள். வினிகரும் துளைகளில் படிந்த உப்பைக் கரைக்கும், ஆனால் அதன் வாடை லேசில் போகாது. துளைகளை மரக்குச்சியால் குத்துங்கள். கம்பி வேண்டாம், துளை பெரிதாகிவிடும்.

தூள் போடும் கூடை வழிந்தால், தூள் மிக நைசாக இருக்கும், அல்லது ஃபில்டர் தாள் மடிந்திருக்கும்.

காபி சூடில்லையா? கூடைக்குள் விழும் தண்ணீர் 92 முதல் 96 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். முனையை உள்ளே விட்டுப் பார்க்கும் தெர்மாமீட்டரையே வாங்குங்கள். தூரத்திலிருந்து காட்டும் வகையை நான் நம்புவதில்லை. பளபளக்கும் எஃகிலும் ஆவியிலும் அது தப்பாகக் காட்டும். டேங்க் நிரம்பாமல் மட்டும் ஹீட்டரைப் போடாதீர்கள், எரிந்துவிடும்.

பின்சேர்க்கை: காபி இறங்கிய பிறகும் விடாமல் சொட்டுகிறது என்று இருவர் கேட்டார்கள். பிளக்கைக் கழற்றுங்கள். அப்போதும் சொட்டினால் வால்வுக்குள் துகள் சிக்கி அது முழுதாக மூடவில்லை. சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். சொட்டுவது நின்றால் கோளாறு மின்சாரப் பக்கம் இருக்கிறது. அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.