மலை ஏரிகளில் பைக்கோ சயனோபாக்டீரியா: மாதிரி எடுப்பதில் தொடங்கும் தவறுகள்

ஊட்டி, கொடைக்கானல், எமரால்டு, பைக்காரா ஏரிகளுக்கு ஆய்வுக்காகப் போகிற மாணவர்களின் பையில் முதலில் இருப்பது பாசிவலை. பைக்கோ சயனோபாக்டீரியாவை, அதாவது மிக நுண்ணிய நீலப்பச்சைப் பாசியை, தேடுகிறவர்களுக்கு அந்த வலையால் ஒரு பயனும் இல்லை. அதன் கண்ணி 20 மைக்ரான், இந்த உயிரிகளின் அளவோ 0.2 முதல் 2 மைக்ரான் வரைதான். வலையில் சிக்கியதை மட்டும் பார்த்துவிட்டு "இங்கே நீலப்பச்சைப் பாசி குறைவு" என்று எழுதிவிடுகிறார்கள். நீரை வடிக்காமல் அப்படியே பாட்டிலில் பிடிக்க வேண்டும்.

கண்ணாடிபோல் தெளிந்த நீரில் எதுவும் இருக்காது என்று நினைப்பதும் தவறு. அப்படிப்பட்ட நீரிலும் ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரம் செல்களைக் காணலாம், லட்சத்தைத் தொடுவதும் உண்டு. செல் சிறியதாக இருப்பதால் பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம். பாஸ்பரஸ் மிகக் குறைந்த நீரிலும் தேவையானதை உறிஞ்சிக்கொள்ள அதுவே உதவுகிறது. மாறாக, சாக்கடை கலக்கும் ஏரியில் பச்சை ஏடாக மிதப்பது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற, கூட்டமாக வளரும் பெரிய செல் இனம். அந்த ஏட்டை அள்ளி வந்து பைக்கோ வகை என்று கணக்கெழுதக் கூடாது.

படகுத்துறையில் நின்றபடியே பாட்டிலை முக்கி எடுப்பதையும் விட்டுவிடுங்கள். கொடைக்கானல் ஏரி நட்சத்திர வடிவம் கொண்டது. அதன் ஒரு கிளையில் எடுத்த நீர் நடு ஏரிக்குச் சான்றாகாது. ஊட்டி ஏரியில் கோடப்பமந்து கால்வாய் வந்து சேரும் முனை ஒரு மாதிரி, மறுமுனை வேறு மாதிரி. நடுப்பகுதியில் அரை மீட்டர் ஆழத்தில் ஒன்றும், வெப்பநிலை சட்டென்று குறையும் அடுக்கில் ஒன்றுமாவது எடுக்க வேண்டும். நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும் வெயில் மாதங்களில் மேற்பரப்பைவிட அந்த அடுக்கில் செல்கள் செறிந்திருக்கக்கூடும். பேரிஜம், அவலாஞ்சி, அப்பர் பவானி போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

அதிகம் கெடுப்பது மலையிறங்கும் பயணம்தான். 15 டிகிரி நீரைப் பாட்டிலில் அடைத்து, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கோ, வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கோ கொண்டுபோவதற்குள் வெப்பம் இரு மடங்காகிவிடும். பாட்டிலுக்குள் இருக்கும் நுண் கசையுயிரிகள் (சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒருசெல் உயிரிகள்) வழியெல்லாம் பாக்டீரியாவைத் தின்றுகொண்டே வரும். நீங்கள் எண்ணப்போவது ஏரியில் இருந்ததை அல்ல, வழியில் மிஞ்சியதை. ஆகவே செல்கள் மேலும் மாறாதபடி கரையிலேயே மருந்திட்டு நிலைப்படுத்துங்கள். 10 மில்லி நீருக்கு 25 சதவீத குளுட்டரால்டிஹைடு 0.2 மில்லி சேர்த்தால் இறுதிச் செறிவு ஏறத்தாழ அரை சதவீதம் வரும். கையுறை கட்டாயம். பதினைந்து நிமிடம் இருட்டில் வைத்து, பிறகு ஐஸ் பெட்டியில் வையுங்கள். டி.என்.ஏ.வுக்கான நீரைத் தனியாக 0.2 மைக்ரான் சவ்வில் வடித்து, அந்தச் சவ்வை உறையவைக்க வேண்டும். பாசிகளுக்கு வழக்கமாக ஊற்றும் லூகால் அயோடின் இங்கே உதவாது. அது செல்லின் இயற்கை ஒளிர்வை மறைத்துவிடும், அந்த ஒளிர்வை வைத்துத்தான் நாம் எண்ணுகிறோம்.

குளோரோபில் அளப்பவர்கள் 1.2 மைக்ரான் கண்ணாடியிழை வடிதாளைப் பயன்படுத்தினால் பைக்கோ செல்களில் பெரும்பகுதி நீரோடு போய்விடும். எண்ணுவதற்கு 0.2 மைக்ரான் கறுப்புப் பாலிகார்பனேட் சவ்வு வேண்டும். உறிஞ்சழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் செல்கள் உடையும். 400 செல்லாவது எண்ணினால்தான் பிழை பத்து சதவீதத்துக்குள் நிற்கும்.

ஒளிர்வு நுண்ணோக்கியில் நீல ஒளியை மட்டும் போட்டுப் பார்த்து முடித்துக்கொள்வது நுட்பமான தவறு. பைகோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமி நிறைந்த செல்கள் நீல ஒளியில் ஆரஞ்சாகப் பளிச்சிடும். பைகோசயனின் என்ற நீல நிறமி நிறைந்தவை மங்கலான சிவப்பாகவே தெரியும். அவற்றை நுண்ணிய யூகேரியோட் (செல்லில் உட்கரு உள்ள) பாசியோடு குழப்பிக்கொள்வது எளிது. பச்சை ஒளிக்கு மாற்றினால் பைகோசயனின் செல்கள் சிவப்பாக நன்கு ஒளிரும், பாசியின் குளோரோபில் மங்கும். நம் மலைகளுக்கு இது முக்கியம். சோலைப் புல்வெளிச் சதுப்புகளின் கரிமண்ணைக் கரைத்து வரும் பழுப்பு நீரில் நீல ஒளி விரைவில் உறிஞ்சப்பட்டு, சிவப்பே ஆழத்துக்கு எட்டும். அங்கே பைகோசயனின் வகை தழைக்கும். தெளிந்த ஆழ நீரில் பச்சை ஒளி மிஞ்சும், பைகோஎரித்ரின் வகை ஓங்கும். ஒரே ஒளி வடிகட்டியோடு நிறுத்தினால் பழுப்பு ஏரியில் பாதி சமூகத்தையே தவறவிடுவீர்கள்.

பெயரிடும்போது கடல் நூல்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். 1988-இல் அறிவிக்கப்பட்ட புரோகுளோரோகாக்கஸ் வெப்பக் கடல்களின் உயிரி, அதை ஏரியில் தேட வேண்டியதில்லை. நன்னீரில் எதிர்பார்க்க வேண்டியவை சயனோபியம், சினெக்கோகாக்கஸ் வகைகள். இவற்றில் சினெக்கோகாக்கஸ் என்பது ஒரே குடும்பம் அல்ல, உருவ ஒற்றுமையால் பல கிளைகள் அப்பெயரில் சேர்ந்துவிட்டன. இனம் காண வழக்கமாகப் படிக்கும் 16எஸ் மரபணு மட்டும் இவற்றை நன்றாகப் பிரித்துக் காட்டாது, அதை அடுத்துள்ள இடைவெளிப் பகுதியான ஐ.டி.எஸ்.ஸையும் படிக்க வேண்டும். 16எஸ் தரவில் பாசிகளின் பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) வரிசைகள் கலந்திருக்கும், அவற்றை நீக்கிவிட்டு விகிதம் கணக்கிடுங்கள்.

இந்தச் செல்களை மலையிலேயே வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் முள் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டைக் காட்டினாலும் உள்ளே 117 டிகிரிதான், 121-க்கு ஏறாது. 18.5 பவுண்டு வரை போக வேண்டும், கலம் அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருந்தால் மட்டும். இல்லையெனில் நேரத்தை நீட்டுங்கள். நீலப்பச்சைப் பாசி வளர்க்கும் பி.ஜி.-11 ஊடகத்தில் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட் இருக்கிறது. சத்துக் குறைந்த ஏரியிலிருந்து வந்த செல்லுக்கு அது மிகை, பத்தில் ஒரு பங்காக நீர்த்து மங்கலான ஒளியில் தொடங்குங்கள்.