ஒரே குளத்தில் நாலு கெண்டை: எதை எத்தனை விடுவது?

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கெண்டை இனம்தான். ஒரே குளத்தில் விட்டாலும் பெரும்பாலும் ஒன்றின் தீனிக்கு இன்னொன்று போட்டி போடாது. காரணம் வாய். குஞ்சு வாங்கும்போதே கையில் எடுத்துப் பாருங்கள். கட்லாவுக்குக் கீழ்த்தாடை துருத்தி, வாய் மேல்நோக்கித் திறக்கும். மேல்மட்டத்து நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகுவின் உதடு தடித்து, ஓரம் பிசிறாக இருக்கும். அது நடுநீர் மீன். மிர்காலுக்கு வாய் அகலம், உதடு மெலிசு. அடியில் மட்கியதை மேயும்.

குஞ்சைத் தின்னும் விரால், கெளுத்தி கிடந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. ஏக்கர் குளத்தில் நீரை 1 மீட்டருக்கு இறக்கி, 1,000 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளியுங்கள்; அதன் விஷத்தில் அவை செத்துவிடும். விஷம் தணிய 3 வாரம் ஆகும். பிறகு சுண்ணாம்பு 80 முதல் 100 கிலோ. புண்ணாக்கே மட்கி உரமாகிவிடும் என்பதால் முதல் தவணைச் சாணத்தைப் பாதியாகக் குறைக்கலாம். அதன்பின் நீரை 5 அடிக்கு ஏற்றுங்கள்.

ஏக்கருக்கு 2,000 குஞ்சு, ஒவ்வொன்றும் 10 செ.மீ. இருக்கட்டும்: கட்லா 700, ரோகு 600, மிர்கால் 500, புல்கெண்டை 200. புல் அறுத்துப்போட ஆள் இல்லையென்றால் புல்கெண்டை வேண்டாம். போட முடிந்தால் அதன் கழிவே குளத்துக்கு உரம்.

ஆறு வகை விட்டால் லாபம் என்று சொல்லி வெள்ளிக்கெண்டையையும் தலையில் கட்டுவார்கள். அதுவும் மேல்மட்ட மீன். செவுள் சல்லடை கட்லாவினுடையதைவிட நெருக்கம், பாசியை அள்ளிவிடும். விலை போகும் கட்லா தேங்கும். சாதாக்கெண்டைக்கும் மிர்காலுக்கும் இதே தகராறு அடிமட்டத்தில். போதாததற்குச் சாதாக்கெண்டை கரையைத் தோண்டும், குளத்திலேயே முட்டையிட்டுக் கூட்டத்தைப் பெருக்கும்.

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து, துளையிட்ட சாக்கில் போட்டு, கழியில் கட்டி நடுநீரில் தொங்கவிடுங்கள். கொட்டினால் அடிக்குப் போய் மிர்காலுக்கு மட்டும் விருந்து.

மாதம் ஒருமுறை வலை போட்டு, வகைக்கு 20 மீன் நிறுங்கள். கட்லா மட்டும் பின்தங்கினால் நீரில் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் பாசி குறைவு, சாணம் போதவில்லை. முழங்கை நனையும் முன்பே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. அப்போது இரவில் நீரில் ஆக்சிஜன் குறைந்து, விடியலில் எல்லா வகையும் மேலே வந்து வாய் பிளக்கும். அன்று சாணமும் தீனியும் நிறுத்தி, புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.