தத்துப் போன நாய்களின் வருடாந்திர ஒன்றுகூடல்: சண்டை சச்சரவில்லாமல் நடத்துவது எப்படி?

காப்பகத்திலிருந்து தத்துப் போன நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் வருடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூட்டலாம் என்று யார் நினைத்தாலும், முதலில் மனதில் ஓடுவது புல்வெளி, விரித்த போர்வைகள், துள்ளி ஓடும் நாய்கள், கண் கலங்கி நிற்கும் தன்னார்வலர்கள் என்ற படம்தான். அது நடக்கும், நடக்காமல் இல்லை. ஆனால் நாயின் பக்கம் நின்று கொஞ்சம் பாருங்கள். பழக்கமில்லாத இடம், முன்பின் தெரியாத நாய்கள் இருபதோ முப்பதோ, தலையைத் தடவ வரும் கைகள், ஓடும் குழந்தைகள், எல்லாம் ஒரே நேரத்தில். அடிபட்டும் பட்டினி கிடந்தும் வந்த நாய்க்கு இது கொண்டாட்டமா தண்டனையா என்பது உங்கள் ஏற்பாட்டைப் பொறுத்தது. அதனால் வரப்போகும் நாய்களிலேயே அதிகம் பயப்படுகிற நாய் எதுவோ, இது அதற்குத் தாங்குமா என்று ஒவ்வொரு முடிவிலும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குத் தாங்கினால் மற்றவை சமாளித்துக்கொள்ளும்.

யாரைக் கூப்பிடுவது

எல்லோரையும் கூப்பிடலாம், ஆனால் எல்லா நாய்களையும் கூட்டிவரச் சொல்லக் கூடாது. இதை அழைப்பிலேயே தயங்காமல் எழுதுங்கள். மற்ற நாயைக் கண்டால் பாய்கிறது, கூட்டத்தைக் கண்டால் நடுங்குகிறது, இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கிறது, இருமுகிறது, தடுப்பூசி முழுதாக முடியாத குட்டி என்றால் நாய் வீட்டிலேயே இருக்கட்டும், நீங்கள் மட்டும் புகைப்படங்களோடு வாருங்கள் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்தான், 'வந்து பார்ப்போமே' என்று கூட்டிவந்துவிட்டு, பாவம், ஒரு மூலையில் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி முழு நேரமும் நிற்பார்கள். நாயில்லாமல் வருபவர்களுக்கென்று ஒரு பலகை வைத்து, அவர்கள் கொண்டுவரும் படங்களை ஒட்டச் சொல்லுங்கள். அந்தப் பலகை முன்னால் எப்போதும் கூட்டம் இருக்கும்.

புதிதாகத் தத்துப் போன நாய்களுக்கு ஒரு கணக்கு உண்டு. காப்பகங்களில் 3-3-3 என்பார்கள்: பதற்றம் அடங்க 3 நாள், வீட்டின் நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று நம்ப 3 மாதம். அறிவியல் விதி இல்லை, அனுபவக் கணக்குதான். ஆனாலும் தத்துப் போய் 3 மாதம் ஆகாத நாயைப் பழைய காப்பக முகங்களுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் அது குழம்பிப்போக வாய்ப்பிருக்கிறது. அடுத்த வருடம் வரட்டும்.

நாயை இழந்துவிட்டவர்களையும் மறக்க வேண்டாம். வயதான நாயைத் தத்தெடுத்து ஓரிரு வருடம் பார்த்துக்கொண்டவர்களின் பெயர், நாய் போனதும் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போய்விடுகிறது. அவர்களுக்குப் பொது அழைப்பை அனுப்பாமல் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள், வருவதும் வராததும் அவர்கள் விருப்பம்.

இடமும் நேரமும்

சுற்றிலும் வேலி இருக்க வேண்டும், இதில் பேரமே கிடையாது. மீட்கப்பட்ட நாய்களில் பல, பயந்தால் முதலில் செய்வது ஓடுவதுதான். வேலியிருந்தும் வாசல் ஒன்றே ஒன்று என்றால், அதற்கு உள்ளே சில அடி தள்ளித் தற்காலிகத் தடுப்பு ஒன்று வைத்து இரண்டாவது வாசல் அமைத்துவிடுங்கள்; ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறப்பது என்ற ஒழுங்கைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை அங்கேயே நிறுத்துங்கள். முதல் நாள் ஒரு சுற்று நடந்து, வேலியின் அடியில் மண் அரித்த ஓட்டை, கண்ணாடித் துண்டு, யாரோ தின்று போட்ட எலும்பு எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். நாய்கள் வழக்கமாக வந்து போகும் மைதானம் என்றால், நாயின் குடலைத் தாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிச் சான்று கேட்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களிடையே பரவும் ஒரு வைரஸ் நோய்), ரேபிஸ் மூன்றுக்கும் ஊசி போட்டிருக்கிறதா என்று பதிவின்போதே படம் பிடித்து அனுப்பச் சொல்லிவிட்டால், வாசலில் நின்று காகிதம் தேடும் வேலை மிச்சம்.

நேரம் காலையோ மாலையோ, வெயில் தணிந்த பொழுதாக இருக்கட்டும். இரண்டரை மணி நேரம் போதும், அதற்கு மேல் நாய்களுக்குப் பொறுமை இருக்காது, அப்புறம் சின்னச் சின்ன உறுமல்கள் ஆரம்பமாகும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் மூச்சிரைப்பால்தான் நாய் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது என்பதால், பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்குச் சாதாரண வெயிலே அதிகம். தரையில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாக்குப்பிடிக்க முடியவில்லையா, நாயின் பாதமும் தாங்காது. ஒரு நாய் விடாமல் மூச்சிரைத்து, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அப்படியே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

வாசலில் ஆரம்பிக்கும் சண்டைகள்

நான் பார்த்தவரை பெரும்பாலான தகராறு நுழைவில்தான். உள்ளே வருகிற ஒரு நாய், வாசலில் கூடி நிற்கும் பத்து நாய்கள், எல்லாக் கயிறும் விறைப்பாக. கயிறு விறைத்தால் நாயின் உடம்பும் விறைக்கும், எதிரே வருவது அதைப் பார்த்து விறைக்கும், அவ்வளவுதான். ஆகவே வருகை நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள், கால் மணிக்கு ஐந்தாறு குடும்பம் என்று. வந்ததும் கூட்டத்துக்குள் போகாமல் ஓரமாக ஒரு சுற்று நடக்கட்டும், மோந்து பார்க்கட்டும், சிறுநீர் கழிக்கட்டும். இரண்டு நாய்களை அறிமுகம் செய்ய வேண்டுமென்றால் நேருக்கு நேர் கொண்டுவராமல், நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் பக்கவாட்டில் நடக்க வைத்து, மெல்ல மெல்ல நெருங்க விடுங்கள். பின்பக்கம் மோந்து மூன்று விநாடி, அப்புறம் உற்சாகமாகக் கூப்பிட்டுப் பிரித்து நகர்த்திவிடுங்கள். இரண்டும் திரும்பவும் ஒன்றையொன்று தேடினால் நல்ல அறிகுறி.

கயிறு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், நீளம் மாறாத சாதாரணக் கயிறு. இழுக்க இழுக்க நீளும் வகை வேண்டவே வேண்டாம். கூட்டத்தில் அது காலைச் சுற்றும், கையை அறுக்கும், கைப்பிடி தவறி விழுந்தால் அந்தச் சத்தமே நாயைத் துரத்தும். பயந்த நாய் பின்னுக்கு இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்வதில் கெட்டிக்காரன், அதனால் கழுத்துப்பட்டையும் ஹார்னஸும் (மார்பைச் சுற்றிப் போடும் வார்) இரண்டும் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டச் சொல்லுங்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதில் பதிந்திருக்கும் தொலைபேசி எண் இன்னும் பழையதாகவே இருக்கிறதா என்று பார்க்க இந்த நாள் ஒரு நல்ல சாக்கு. தத்தெடுத்த பிறகும் காப்பகத்தின் எண்ணிலேயே கிடக்கும் சிப்புகள் ஏராளம்.

தொட வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நாய்களின் கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டுவது பல நாடுகளில் இருக்கும் வழக்கம். நீங்களும் செய்யுங்கள், கூடவே அதன் பொருளை ஒலிபெருக்கி இல்லாமல் வாசலிலேயே ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுங்கள். வாலை ஆட்டினால் சந்தோஷம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடம்பு விறைத்து, வாயை இறுக மூடி, வால் நுனி மட்டும் வெடவெடவென்று ஆடுவது வேறு சங்கதி. பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் 'போதும், விடுங்கள்' என்பதுதான். உறுமினால் அதட்டாதீர்கள், நகர்த்துங்கள். உறுமலை அடக்கப் பழக்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும்.

அப்படியும் சண்டை மூண்டால் கழுத்துப் பக்கம் கையை விடவே கூடாது. போர்வையைப் போடுங்கள், தண்ணீரை வீசுங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு பலகையை நுழைத்துவிடுங்கள். ஒன்றும் பலிக்காவிட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்கலாம். பிரிந்த பிறகு முடியை விலக்கிப் பாருங்கள், பல் பதிந்த இடம் வெளியே புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். மனிதருக்குக் கடி பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பழைய பெயர், புதிய பெயர்

இது சின்ன விஷயம்தான், ஆனால் நாளின் உயிரே இதில் இருக்கிறது. காப்பகத்தில் வைத்த பெயர் வீட்டுக்குப் போனதும் மாறிவிடும். அங்கே மணி, இங்கே புரூனோ. எனவே சட்டையில் குத்தும் அட்டையில் இரண்டு பெயரையும் எழுதுங்கள், எடுத்த வருடத்தையும். 'மணியா இது!' என்று காப்பக ஊழியர் ஒருவர் பழைய பெயரைச் சொல்ல, புரூனோவின் காது ஒரு பக்கம் மட்டும் திரும்பும், பிறகு முகர்ந்து பார்த்துவிட்டு உடம்பையே வளைத்துக்கொண்டு குழையும். எல்லா நாயும் அப்படிச் செய்யாது. அடையாளமே தெரியாத மாதிரி தன் ஆளிடம் போய் ஒட்டிக்கொள்ளும் நாயும் உண்டு, ஊழியர்கள் அதற்கு மனம் வாடக் கூடாது.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் சந்திக்கும்போதும் அப்படித்தான், மனிதர்கள்தான் அழுவார்கள். பீட்டர் ஹெப்பர் என்ற ஆய்வாளர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருடம் பிரிந்திருந்த தாயும் பிள்ளையும் வாசனையை வைத்து ஒன்றையொன்று அறிந்துகொண்டன. உடன்பிறந்தவையோ, தங்களோடு இன்னொரு உடன்பிறப்பு வாழ்ந்திருந்தால் மட்டுமே அறிந்துகொண்டன. தனித்தனி வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பி இரண்டும் முறைத்துக்கொண்டால் ஆச்சரியப்படாதீர்கள், படம் எடுப்பதற்காக நெருக்கி உட்கார வைக்காதீர்கள்.

சாப்பாடு, விளையாட்டு

மனிதர்களின் சாப்பாட்டு இடத்தைத் தனியாகத் தள்ளி வையுங்கள். சாக்லெட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரையில்லாத மிட்டாய்களில் இருக்கும் சைலிட்டால் எல்லாம் நாய்க்கு நஞ்சு, வெந்த எலும்பு தொண்டையிலும் குடலிலும் குத்தும். ஆனால் விஷத்தைவிட அன்றைக்குத் தொல்லை தருவது பங்குச் சண்டைதான். பட்டினி கண்ட நாய் கீழே விழுந்த ஒரு துண்டுக்காகத் தன் நண்பனையே கடிக்கும். தின்பண்டத்தை அவரவர் தம் நாய்க்கு மட்டும், தள்ளி நின்று கையில் கொடுக்கட்டும். தண்ணீர்க் கிண்ணங்கள் நிறையவும் தூரத் தூரமாகவும் இருக்கட்டும். பந்துகளும் பொம்மைகளும் வீட்டிலேயே இருக்கட்டும்.

விளையாட்டு என்று ஒன்று வேண்டுமானால் 'உட்கார்' சொல்லி யார் நாய் அதிக நேரம் உட்காருகிறது என்பது போதும். பலூன், விசில், மேடைப் பேச்சு வேண்டாம். குழந்தைகளிடம் மூன்றே விதி: ஓடக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, கேட்காமல் தொடக் கூடாது. படங்களை வெளியிடும் முன் அனுமதி கேளுங்கள், பழைய உரிமையாளரிடமிருந்து காப்பாற்றி எடுத்த நாய்களும் அதில் இருக்கலாம்.

முடிந்த பிறகு

வீட்டுக்குப் போனதும் உண்ணி இருக்கிறதா என்று காது மடலிலும் விரலிடுக்கிலும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குள் வறட்டு இருமல் வந்தால் உங்களுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள், கூடி நின்ற நாய்களிடையே அது வேகமாகப் பரவும், மற்றவர்களை எச்சரிக்க வேண்டும்.

அப்புறம், வராதவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். 'ஏன் வரவில்லை' என்று ஆரம்பிக்காமல் 'எப்படி இருக்கிறான்' என்று ஆரம்பித்தால், சோபாவைக் கிழிப்பது, தனியே விட்டால் ஊளையிடுவது, புதுக் குழந்தை பிறந்த வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பது எல்லாம் வெளியே வரும். அதைக் கேட்ட வாரமே ஒரு பயிற்சியாளரையோ விவரம் தெரிந்த தன்னார்வலரையோ அந்த வீட்டுக்கு அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள், மாதம் கடந்தால் பெரும்பாலும் முடிவு எடுத்திருப்பார்கள்.