தோட்டத்துப் பழங்களில் சாயம்: நூலுக்கும் துணிக்கும், வீட்டு வேலைகளுக்கு நடுவே

மல்பெரிச் சாறு தெரியாமல் சட்டையில் பட்டால் லேசில் போகாது. அதே பழத்தைக் கொதிக்கவைத்து வெள்ளைத் துணியை வேண்டுமென்றே முக்கினால், இரண்டு மூன்று துவைப்பில் சாம்பல் பூத்துப் போகிறது. பழச்சாயம் போட்டுப் பார்த்துக் கைவிட்டவர்களில் பலர் இந்த இடத்தில்தான் சலித்துப் போகிறார்கள். தவறு பெரும்பாலும் பழத்தில் இருப்பதில்லை. துணியை முன்கூட்டித் தயார்செய்யாதது, சூடு மிஞ்சியது, கடைசியில் சாதாரண சோப்பில் அலசியது ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

மூன்றையும் சரியாகச் செய்தாலும் பழநிறம் வெயிலைத் தாங்காது. அவுரி, மஞ்சிட்டி போன்றவற்றின் உறுதி இதற்குக் கிடையாது. அதனால் எதற்குச் சாயம் போடுகிறோம் என்பதை முதலிலேயே யோசித்துவிடுங்கள். ஜன்னல் திரை, மேசை விரிப்பு, தினமும் துவைக்கும் சட்டை ஆகியவை வேண்டாம். பையின் உள்துணி, எம்பிராய்டரி நூல், கம்பளித் தொப்பி, பரிசைச் சுற்றிக்கட்டும் துணி, எப்போதாவது போர்த்தும் சால்வை ஆகியவற்றுக்குப் பழச்சாயம் அருமையாகப் பொருந்தும். வெளுத்தால் அடுத்த பருவத்துப் பழத்தில் மறுபடி முக்கிக்கொள்ளலாம்.

எந்தப் பழம், எந்த இழை

மல்பெரி, நாவல், பிளாக்பெர்ரி, எல்டர்பெர்ரி, ப்ளூபெர்ரி ஆகியவற்றின் கருஊதா நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. புளிப்பில் அது சிவக்கும், காரத்தில் நீலமும் பச்சையும் கலந்து மாறும். கொடிப்பசலைப் பழமும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் வேறு இனம். அவற்றில் இருப்பது பீட்டாலைன். சாறு கண்ணைப் பறிக்கும் மெஜந்தாவாக இருக்கும், ஆனால் சூட்டையும் வெளிச்சத்தையும் இன்னும் குறைவாகவே தாங்கும். ஸ்ட்ராபெர்ரியைச் சாயத்துக்கு வீணாக்க வேண்டாம், தின்றுவிடுவதே நல்லது. அதில் துணியில் ஏறும் அளவுக்கு நிறம் கிடையாது.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் தின்னக்கூடிய பழங்களை மட்டும் எடுங்கள். உண்ணிச்செடிக் காய், பெயர் தெரியாத வேலிக்காய் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். பறிக்கும் பிள்ளை ஒன்றிரண்டை வாயில் போடாமல் இருக்காது.

கம்பளியும் பட்டும் பழநிறத்தை ஆசையாக வாங்கிக்கொள்ளும். பருத்தியும் லினனும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவற்றுக்குக் கூடுதலாக ஒரு படி வேலை உண்டு. பாலியஸ்டரில் நிறம் ஏறாது. பருத்திச் சட்டையைப் பாலியஸ்டர் நூலால் தைத்திருந்தால், சாயம் போட்டபின் தையல் மட்டும் வெள்ளையாகத் தனித்துத் தெரியும். தைத்த துணியை முக்கும் முன் இதைக் கவனியுங்கள்.

எல்லா அளவும் காய்ந்த நூலின் அல்லது துணியின் எடையைப் பொறுத்தவை. 100 கிராம் நூலுக்குப் பழம் குறைந்தது 200 கிராம் வேண்டும், ஆழ்ந்த நிறத்துக்கு 400 கிராம். செடி ஒரே நாளில் அவ்வளவு தராது. தினமும் பறித்ததைக் கழுவி, காம்பு நீக்கி, ஃப்ரீஸரில் சேர்த்து வாருங்கள். உறைந்த பழத்தில் இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே உருவாகும் பனித்துகள்கள் செல்களை உடைத்துவிடுவதால், உருகும்போது சாறு தானாக வடியும், நசுக்கும் வேலை பாதியாகக் குறையும்.

வேலையைத் துண்டு போடுவது

குழந்தை, சமையல், பள்ளிக்கூடம் என்று ஓடும் வீட்டில் இதை ஒரே நாளில் முடிக்க நினைத்தால் ஏதாவது ஒன்று தீயும். நல்லவேளையாக, இந்த வேலை தானாகவே துண்டுபோட வசதியானது. துணி அலசுவது ஒரு நாள், படிகாரத்தில் ஊறவைப்பது ஒரு இரவு. ஊறியதை நிழலில் காயவைத்து, குறிப்பு கட்டி, பெட்டியில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். பழம் ஃப்ரீஸரில் இருக்கும். இரண்டும் தயாராக இருந்தால், சாயம் போடும் நாளில் அடுப்பருகே நிற்க வேண்டியது மொத்தம் இரண்டு மணி நேரம்தான். மற்றதெல்லாம் ஊறும் நேரம்.

பாத்திரம், கரண்டி, வடிகட்டி எல்லாம் இதற்கென்று தனியாக இருக்க வேண்டும். பழம் தின்னத்தக்கதாக இருந்தாலும் அந்தப் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம் நல்லது. இரும்புச் சட்டி நிறத்தைக் கறுக்கவைக்கும், அலுமினியமும் செம்பும் புளிப்போடு வினைபுரிந்து நிறத்தை மாற்றும். பறிப்பது, காம்பு நீக்குவது, உருகிய பழத்தைப் பைக்குள் வைத்துப் பிசைவது ஆகியவை பிள்ளைகளின் வேலை. பொடிகளை எடைபோடுவதும் அடுப்பும் பெரியவர்களின் வேலை. பொடி போடும்போது முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அலசுதல்

புதுத் துணியில் கஞ்சியும் மெழுகும் எண்ணெயும் இருக்கும், அவை போகாமல் நிறம் சீராக ஏறாது. 100 கிராம் பருத்திக்கு 2 கிராம் சலவை சோடாவும் சிறிது சோப்புத் திரவமும் போட்டு, தாராளமான தண்ணீரில் ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினால் பயப்பட வேண்டாம், அழுக்கு கழல்கிறது என்று அர்த்தம். துணி காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் தயார். முத்துப் போல நின்றால் இன்னொரு முறை அலச வேண்டும்.

கம்பளிக்கு சோடா ஆகாது. காரமில்லாத சோப்பைக் கரைத்த 50 முதல் 60 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் சும்மா ஊறட்டும். கசக்கக் கூடாது, சூட்டிலிருந்து நேரே குளிர்ந்த நீருக்கும் மாற்றக் கூடாது. இரண்டுமே கம்பளியைச் சுருக்கி அட்டையாக்கிவிடும்.

நூலைப் பந்தாக முக்கக் கூடாது. சிட்டமாக, அதாவது நீள வளையமாகச் சுற்றி, நான்கு இடங்களில் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் நுழையாமல் வெள்ளைப் பட்டை விழும்.

படிகாரம்

சாயத்தையும் இழையையும் இணைக்கும் நிறமூன்றி படிகாரம்தான். வினிகரும் உப்பும் நிறத்தைப் 'பிடிக்கவைக்கும்' என்று அடிக்கடி சொல்லப்படுகிறது, அதை நம்பிப் படிகாரத்தை விட்டுவிடாதீர்கள். வினிகர் நிறத்தைச் சிவப்புப் பக்கம் நகர்த்தும், அவ்வளவுதான். உப்பு பழச்சாயத்துக்கு எதையும் செய்யாது.

கம்பளிக்கும் பட்டுக்கும்: 100 கிராமுக்குப் படிகாரம் 12 கிராம், கிடைத்தால் க்ரீம் ஆஃப் டார்ட்டர் (கேக் வேலையில் பயன்படும் புளிப்புப் பொடி) 5 கிராம். இரண்டையும் சுடுநீரில் கரைத்து 4 லிட்டர் தண்ணீரில் ஊற்றுங்கள். முன்பே நனைத்த நூலை இறக்கி, ஒரு மணி நேரத்தில் மெதுவாக 80 டிகிரிக்குக் கொண்டுவந்து, அங்கேயே 45 நிமிடம் வைத்து, அடுப்பை அணைத்து இரவு முழுக்க விடுங்கள். படிகாரத்தைக் கூட்டினால் நிறம் கூடும் என்று எண்ணி அள்ளிப்போட்டால் கம்பளி பிசுபிசுப்பாகவும் முரடாகவும் ஆகும்.

பருத்தியில் படிகாரம் ஒட்ட முதலில் துவர்ப்பு ஏற்ற வேண்டும். 100 கிராமுக்கு மாசிக்காய்ப் பொடி 10 கிராம் எடுத்து வெதுவெதுப்பான நீரில் கரைத்து, துணியை இரண்டு மணி நேரம் ஊறவிட்டுப் பிழியுங்கள். கடுக்காய்ப் பொடியும் ஆகும். 20 கிராம் வேண்டும், ஆனால் அது துணிக்கு ஒரு மஞ்சள் சாயலைத் தரும், அதன்மேல் ஊதா ஏறினால் பழுப்படித்துத் தெரியும். ரோஜா நிறம்தான் வேண்டும் என்றால் மாசிக்காயே சரி. அடுத்து, 15 கிராம் படிகாரத்தையும் 2 கிராம் சலவை சோடாவையும் தனித்தனியே கரைத்து, சோடாக் கரைசலைக் கொஞ்சங் கொஞ்சமாகப் படிகாரத்தில் ஊற்றுங்கள். நுரை பொங்கும், பெரிய பாத்திரமாக வையுங்கள். பொங்கி அடங்கியதும் துணி நன்றாக முங்கும் அளவுக்கு வெந்நீர் சேர்த்து, துணியைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

சாறு எடுத்தல், முக்குதல்

இந்தக் கட்டத்தில் கெடுவதற்கு ஒரே ஒரு வழி போதும்: அவசரப்பட்டுக் கொதிக்கவைப்பது. கொதித்தால் ஆந்தோசயனின் சிதைந்து பழுப்பாகும், அதன்பின் எதைச் சேர்த்தாலும் ஊதா திரும்பாது. பழம் முங்கும் அளவுக்குத் தண்ணீரும், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகரும் சேர்த்து, 70 டிகிரியைத் தாண்டாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். வெப்பமானி இல்லையென்றால் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்க வேண்டும், அவை எழும்பி மேலே வரத் தொடங்கினால் தீயைக் குறைக்க வேண்டும். பீட்டாலைன் பழங்களுக்கு 50 டிகிரியே அதிகம், அறைச் சூட்டில் ஊறவைப்பது இன்னும் நல்லது.

ஆறியதும் மஸ்லின் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். முதல் வடிகட்டலில் தப்பிய தோல் துணுக்குகள் துணியில் ஒட்டி, ஒட்டிய இடத்தில் கறுப்புப் புள்ளி விழும். நூலில் சிக்கிய விதையை எடுப்பது அதைவிடத் தொல்லை.

நூலை அல்லது துணியைக் குறைந்தது ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, ஈரமாகவே சாற்றில் இறக்குங்கள். காய்ந்த துணி எங்கு முதலில் தொட்டதோ அங்கே அதிகம் குடித்து திட்டுத்திட்டாகும். 100 கிராமுக்கு 3 முதல் 4 லிட்டர் சாயநீர் இருந்தால் துணி தாராளமாகப் புரளும். சாறு குறைவாக இருந்தால் தண்ணீர் சேர்க்கலாம். நிறமியின் அளவு மாறாததால் ஏறும் நிறம் அதனால் குறைந்துவிடாது. மறுபடி 65 டிகிரிக்கு மெல்ல ஏற்றி (பீட்டாலைன் சாறென்றால் சூடேற்றாமலே) ஒரு மணி நேரம், அவ்வப்போது மெதுவாகப் புரட்டிக்கொண்டு. நடுவில் பிள்ளை அழுதால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்வாருங்கள், சாயத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறகு மூடிவைத்து மறுநாள் காலைவரை ஊறட்டும். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்தபின் நிறம் கணிசமாக வெளிறும் என்பதால், போதும் என்று தோன்றும் நிறத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறவிடுங்கள்.

அடுப்பே வேண்டாம் என்றால் கண்ணாடி ஜாடி இருக்கிறது. நசுக்கிய பழம், வினிகர், வெந்நீர், படிகாரம் ஏற்றிய சின்னச் சிட்டம் ஆகியவற்றைப் போட்டு, வெதுவெதுப்பான, நேர்வெயில் படாத இடத்தில் மூன்று நான்கு நாள் வைத்தால் நிறம் ஏறிவிடும். பிள்ளைகளுக்குத் தினமும் நிறம் மாறுவதைப் பார்ப்பதே கொண்டாட்டம். மூடியை இறுக்கக் கூடாது, தினம் ஒருமுறை திறந்துவிடவும் வேண்டும். பழம் நொதித்தால் உள்ளே வாயு சேர்ந்து ஜாடி வெடிக்கக்கூடும். பூஞ்சை பிடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

முக்கி எடுத்த சாயநீரில் மிச்ச நிறம் இருக்கும். அதிலேயே இரண்டாவது சிட்டத்தை முக்கினால் வெளிர் ரோஜா வரும், முதல் சிட்டத்தோடு சேர்த்துப் பின்ன அழகான ஜோடி.

நிறத்தை நகர்த்துவது

அதே சாயநீரில் போட்ட நூலைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை லிட்டருக்கு ஒரு சிட்டிகை சோடா கரைத்த நீரில் ஒரு நிமிடம் நனைத்தால் ஊதா நீலச்சாம்பலாகும். பார்க்க மாயம் போலிருக்கும், ஆனால் இந்த நீலம் நிலையற்றது, வியர்வை பட்டாலே திரும்பக்கூடும். பட்டிலும் கம்பளியிலும் சோடா நீரில் அதிக நேரம் விடக் கூடாது, இழை கெடும்.

நிறம் நின்றால் போதும், பளபளப்பு போனாலும் பரவாயில்லை என்றால் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) நாடலாம். 100 கிராம் நூலுக்கு 1 கிராம் போதும், 2 கிராமைத் தாண்டக் கூடாது. சாயநீரிலிருந்து நூலை வெளியே எடுத்து, அன்னபேதியை அதில் கரைத்த பின்பு நூலை மறுபடி இறக்கி, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். ஊதா அழுத்தமான ஈயச்சாம்பலாக மாறும், வெளிச்சத்தையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அதிகமானால் கம்பளி நொறுங்கத் தொடங்கும். அன்னபேதி வயிற்றுக்குள் போனால் குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து, பூட்டிவைக்க வேண்டிய பொருள் அது. அதற்குப் பயன்படுத்திய கரண்டியையும் தனியே வையுங்கள். துளி இரும்பு ஒட்டியிருந்தாலும் அடுத்த ரோஜா நிறச் சாயம் மங்கிவிடும்.

அலசும்போது கவனம்

சாயம் ஏறிய நூலை நிழலில் முழுதாகக் காயவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து அலசினால் நல்லது. குளிர்ந்த நீரும், காரமில்லாத மென்சோப்பும் போதும். சாதாரணத் துணி சோப்பு காரமானது, பட்டதும் ரோஜா நிறம் நீலச்சாம்பலாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் ஒரு வாளி நீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து உடனே முக்குங்கள், பெரும்பாலும் மீளும்.

சோப்பே படாமல் நிறம் முதலிலிருந்தே நீலமடித்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். உப்புத்தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றுநீர் போன்ற கடினநீர் காரப்பக்கம் சாயும். மழைநீரோ வடிகட்டிய நீரோ இருந்தால் சாயநீருக்கு அதையே வையுங்கள். அலசும்போது நிறம் மொத்தமாகக் கழன்று ஓடினால், படிகாரம் ஏறவில்லை அல்லது முதல் அலசலில் எண்ணெய் போகவில்லை. நிறம் பழுப்பானால் சூடு மிஞ்சியிருக்கிறது. பழுத்து அழுகத் தொடங்கிய பழமும் பழுப்பைத்தான் தரும்.

தீர்ந்துபோன படிகார நீரையும் சாயநீரையும் நிறையத் தண்ணீர் கலந்து சாக்கடையில் விடலாம், குடிநீர்க் கிணற்றருகே மட்டும் வேண்டாம். பழச்சக்கையை உரக்குழியில் போடலாம். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு துண்டு நூலை அட்டையில் ஒட்டி, பழம், எடை, சூடு, தேதி எழுதிவையுங்கள். நூலின் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி இரண்டு வாரம் ஜன்னலோரம் வைத்தால், அந்தப் பழத்தின் நிறம் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். அதைப் பார்த்தபின் எதை எதில் முக்குவது என்று முடிவு செய்யுங்கள்.